விடுதி அறையில் கிப்லா எத்திசை?

தமிழகத்து முஸ்லிம் இல்லங்களில் வளரும் குழந்தை, திசைகள் நான்கினுள் முதலாவதாக அறிந்துகொள்வது மேற்கைத்தான். மேற்கே கால் நீட்டிப் படுக்கும் பிள்ளையைப் பாட்டி அதட்டுகிறாள். பள்ளிவாசலின் மிஹ்ராபு மேற்கே அமைந்திருக்கிறது. கப்ரில் வைக்கப்படும் மையித்தின் முகமும் மேற்கு நோக்கியே திருப்பப்படுகிறது. இவற்றையெல்லாம் கண்டு வளர்ந்த நம்மில் பலர், கிப்லா என்னும் அரபுச் சொல்லுக்கே மேற்கு என்பதுதான் பொருள் போலும் என்று எண்ணியபடி வாழ்நாளைக் கழித்து விடுகிறோம்.

அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை மீஞ்சூரைச் சேர்ந்த என் தங்கை மகன், 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தென்னமெரிக்காவின் மாநகர் ஒன்றில், மலிவானதொரு விடுதி அறையில், 13 வேளைத் தொழுகைகளை விலையாகக் கொடுத்துத் தெரிந்துகொண்டான்.

எண்ணூர்த் துறைமுகம் 2001-ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்ததிலிருந்து, எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கப்பல் என்பது கண்ணெதிரே நிற்கும் பொருளாகிவிட்டது. கடற்பயணம் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. அருகிலுள்ள பழவேற்காட்டு மரக்காயர்கள் கடல் வாணிகம் செய்தவர்களே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் முன்னோர் பொருள் தேடிச் சென்ற கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்கள் அனைத்திலிருந்தும் கஃபா ஏறத்தாழ மேற்கிலேயே இருக்கிறது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் நுழைந்தவர், ஊரில் நின்றவாறே நின்று தொழுதார். கடல் கடந்தும் நம் பழக்கம் சோதனைக்குள்ளாகவில்லை.

என் மருமகன் சென்ற இடமோ பிரேசில் நாட்டின் ஸாவோ பாவ்லோ. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரில் மட்டும் ஒரு கோடியே பதினான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். அவன் பணியேற்க வேண்டிய கப்பல், அங்கிருந்து மலையிறங்கிச் செல்லும் வழியிலுள்ள ஸாண்டோஸ் துறைமுகத்துக்கு வெளியே, சர்க்கரை ஏற்றுவதற்கு முறை வராமல் நங்கூரமிட்டு நின்றது. முகவர் அவனை நகரின் நடுப்பகுதியில், நாள் வாடகை குறைந்த விடுதி ஒன்றில் தங்கவைத்தார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, குளியலறை, எதிர்க் கட்டடத்தின் சுவரையும் அதன் ஓரத்தில் ஒரு முழ வானத்தையும் காட்டும் சாளரம், அவ்வளவே அறை.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் உள்ளே நுழைந்தபோது அந்த ஒரு முழ வானம் சிவந்திருந்தது. சூரியன் மறையும் திசை தெரிந்துவிட்டது. இனி என்ன கேட்க வேண்டியிருக்கிறது? துண்டை விரித்தான், மஃரிபு தொழுதான், இஷாவும் தொழுதான். கைப்பேசியில் திசை காட்டும் வசதி இருந்தது. ஐயம் எழுந்தாலன்றோ கருவியைத் தேடத் தோன்றும்! புதனும் வியாழனும் அவ்வாறே கழிந்தன.

வெள்ளிக்கிழமை நண்பகல், வழி விசாரித்துக்கொண்டு அந்நகரின் காம்புசி பகுதியிலுள்ள பள்ளிவாசலுக்குச் சென்றான். சிரியாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு அங்கே குடியேறிய அரபுமக்கள், 1929-ஆம் ஆண்டில் ஒரு முஸ்லிம் நற்பணிச் சங்கம் நிறுவி, பின்னர் எழுப்பிய பள்ளிவாசல் அது. குத்பா முடிந்து அணிவகுத்து நின்றபோதுதான் அவனுக்கு ஏதோ உறுத்தியது. காலையில் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, அந்தப் பக்கம் நோக்கியன்றோ அனைவரும் நிற்கிறார்கள்! அந்நகரிலிருந்து கஃபா, கிழக்கிலிருந்து சற்றே வடக்காகச் சாய்ந்த திசையில் இருக்கிறது. நம் சென்னையிலிருந்து மேற்கே சற்று வடக்காகச் சாய்ந்திருப்பதைப் போல. மூன்று நாட்களாக அவன் இறையில்லத்துக்கு முதுகு காட்டித் தொழுதிருக்கிறான்.

இங்கே நாம் இஷா தொழுதுவிட்டுப் படுக்கைக்குச் செல்லும் இரவு ஒன்பதரை மணி, அங்கே பகல் ஒரு மணி. அன்றிரவு நான் உறங்கிய பின் தொலைபேசி ஒலித்தது.

“மாமா, தொழுதது எல்லாம் போச்சா?” என்றான். குரல் உடைந்திருந்தது.

மார்க்க நூல்கள் இதில் சொல்வதை அன்பர்கள் அறிந்து வைத்துக்கொள்வது நலம். ஏனெனில் இன்று பயணம் செய்யாத வீடு இல்லை. திசை தெரியாத இடத்தில் சிக்கியவர், தம்மால் இயன்ற மட்டும் ஆராய்ந்து, ஒரு பக்கத்தைத் தேர்ந்து தொழ வேண்டும். பின்னர் அது பிழையெனத் தெரிந்தால், ஹனபி மத்ஹபில் அத்தொழுகை நிறைவேறியதாகவே கொள்ளப்படும். ஷாபிஈ மத்ஹபில், பிழை உறுதியாகத் தெரிந்துவிட்டால், வலுவான கருத்தின்படி திரும்பத் தொழ வேண்டும். இருள் சூழ்ந்த இரவுப் பயணம் ஒன்றில் நபித்தோழர்கள் ஆளுக்கொரு திசையில் தொழுது, விடிந்தபின் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டதாகவும், கிழக்கும் மேற்கும் அல்லாஹ்வுக்கே உரியவை என்று உணர்த்தும் திருவசனம் (2:115) அப்போது அருளப்பெற்றதாகவும் திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என்று இமாம் திர்மிதீ அவர்களே குறித்திருக்கிறார்கள்.

ஆனால் இச்சலுகைகள் யாவும் ஆராய்ந்தவருக்கு உரியவை. கேட்க ஆளிருந்தும் கேட்காமல், கருவியிருந்தும் பாராமல், பழக்கத்தையே ஆதாரமாகக் கொண்டவருக்கு இரு மத்ஹபுகளிலும் இடமில்லை. எங்கள் ஊர் ஹஜ்ரத்தும் அதையே கூறினார்கள். 13 வேளைகளையும் கழாச் செய்தான். பயணத்தில் தவறியதைப் பயணத்திலேயே நிறைவேற்றியமையால் நான்கு ரக்அத்துகள் இரண்டாகச் சுருங்கின என்பது அவனுக்கு ஓர் ஆறுதல்.

மதீனாவில் கிப்லா தெற்கு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பைத்துல் முகத்தஸை நோக்கி, அதாவது வடக்கு நோக்கி, ஸுப்ஹு தொழுதுகொண்டிருந்த குபா மக்களிடம், கிப்லா மாற்றப்பட்ட செய்தியை ஒருவர் வந்து அறிவிக்கிறார். தொழுகையை முறிக்காமல், நின்ற நிலையிலேயே அவர்கள் கஃபாவின் பக்கம் திரும்பினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீயில் காண்கிறோம். நேற்றுவரை தொழுத திசை என்று ஒருவரும் தயங்கவில்லை.

நிற்க. விடுதி வாழ்க்கையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். குடியிருப்போர் இல்லாத, ஆனால் நமக்குப் பயன்படும் இல்லங்களில் நுழைவது குற்றமாகாது என்று ஸூரத்துந் நூரில் (24:29) அல்லாஹ் அனுமதிக்கிறான். வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களையே இது குறிக்கும் என்று விரிவுரையாளர் பலர் உரைத்துள்ளனர். அனுமதி கேட்க வீட்டுக்காரர் இல்லாத வீடு. ஆகவே பார்ப்பாரும் இல்லாத வீடு. அங்கே ஒருவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பது அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ள கணக்கு. விடுதித் துவாலையைப் பெட்டிக்குள் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டு, அதைச் சாமர்த்தியமாகப் பேசிக்கொள்ளும் தொழுகையாளிகளை நான் அறிவேன். என் மருமகன் கைகழுவும் தொட்டியில் கால் தூக்கி ஒளூச் செய்துவிட்டு, தரையில் சிந்திய நீரைத் தானே துடைத்துவிட்டு வருவானாம். துடைக்க வரும் பெண்மணி நம் சமயத்தைக் குறை கூறலாகாது என்பது அவன் எண்ணம்.

உணவில் பெரும் இடர்ப்பாடு. உலகிலேயே மிகுதியாக ஹலால் கோழி ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில்தான். எனினும் விடுதியின் காலை உணவு மேசையில் பன்றியிறைச்சித் துண்டுகள் பாலாடைக் கட்டிக்கு அருகிலேயே அடுக்கப்பட்டிருக்கும். பழமும், காப்பியும், மரவள்ளி மாவில் பாலாடைக் கட்டி சேர்த்துச் சுட்ட சிறு உருண்டை ரொட்டிகளுமாக அவன் காலம் தள்ளினான். நம்மூர் மரவள்ளிக் கிழங்குக்குப் பூர்விகம் தென்னமெரிக்கா என்பதை அவன் அங்கேதான் அறிந்தானாம்.

கப்பல் நாளை வரும், நாளை வரும் என்று சொல்லிச் சொல்லி 11 நாட்கள் ஆயின. இதிலும் ஒரு மஸ்அலா உண்டு. ஓர் ஊரில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, நான்கு நாட்கள் தங்குவதென்று நிய்யத்துச் செய்துவிட்டால் ஷாபிஈ மத்ஹபில் கஸ்று இல்லை. ஹனபியில் அவ்வெல்லை 15 நாட்கள். ஆனால் காரியம் எப்போது முடியுமோ, முடிந்தவுடன் புறப்படுவோம் என்று நாளை எண்ணிக் காத்திருப்பவர், ஷாபிஈயில் 18 நாட்கள் வரை சுருக்கித் தொழலாம். மக்கா வெற்றியின்போது அண்ணலார் (ஸல்) அங்கே தங்கிய நாட்கள் இதற்கு ஆதாரம். அவன் இதையும் கேட்டே தொழுதான். கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

முதல் ஜும்ஆ முடிந்து, வெளிறிய முகத்தோடு ஒரு தூணருகே அமர்ந்திருந்தவனை, லெபனான் வழிவந்த முதியவர் ஒருவர் கையைப் பற்றி எழுப்பி, உணவுக்கு அழைத்துச் சென்றார். இருவருக்கும் பொதுமொழி ஸலாம் ஒன்றுதான். எஞ்சிய நாட்களில் பலமுறை அவர் வீட்டு உணவு விடுதிக்கே வந்து சேர்ந்தது. வழிப்போக்கர் கிடைத்தால் விடாத இயல்பு அந்நாட்டு முஸ்லிம்களுக்கு முன்பே இருந்திருக்கிறது. 1866-ஆம் ஆண்டில், உதுமானியக் கப்பல் ஒன்று புயலில் திசைமாறி ரியோ டி ஜெனீரோவை அடைந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க வழி முஸ்லிம்கள் கப்பலுக்கே வந்து, அதன் இமாமான அப்துர் ரஹ்மான் அல்பக்தாதீ அவர்களைத் தங்களுக்கு மார்க்கம் கற்பிக்குமாறு வேண்டினர். கப்பல் போயிற்று, இமாம் நின்றுவிட்டார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் அந்நாட்டில் கற்பித்த அவர், அவ்வனுபவங்களை நூலாகவும் எழுதி வைத்தார்.

மூஸா (அலை), கிள்று (அலை) இருவரும் ஓர் ஊராரிடம் உணவு கேட்டு, அவ்வூரார் விருந்தளிக்க மறுத்த வரலாறு ஸூரத்துல் கஹ்பில் (18:77) இருக்கிறது. வெள்ளிதோறும் அந்த ஸூராவை ஓதுகிறோம். அவ்வூரின் பெயரைத் திருமறை கூறவில்லை. அது எவ்வூராகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மருமகன் 2024-ஆம் ஆண்டு ஊர் திரும்பினான். அவன் வந்த சில நாட்களில், எங்கள் வட்டாரத்திலுள்ள பள்ளிவாசல் ஒன்றில் இஷா முடிந்து கதவடைக்கும் நேரம். பீகாரிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்ரயிலில் வந்திறங்கிய இரண்டு இளைஞர்கள், தோளில் பையுடன் வாசலில் நின்றார்கள். அனல்மின் நிலையத்துப் பக்கம் வேலை; அழைத்து வந்த ஒப்பந்தக்காரரின் தொலைபேசி எடுக்கப்படவில்லை; விடியும் வரை படுத்துக்கொள்ள இடம் கேட்டார்கள். பூட்டுச்சாவியைக் கையில் வைத்திருந்தவர், நிர்வாகத்தின் உத்தரவு இல்லை என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உத்தரவு உண்மையிலேயே இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

மருமகன் அவர்களிடம் பெயரைக் கேட்டான். பின்பு வீட்டுக்கு அழைத்தான். என் தங்கை அந்நேரத்தில் அடுப்பேற்றிச் சோறு வடித்தாள். வழிநெடுக அவன் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. வாசற்படியில் மட்டும் நின்று, “அங்கே எனக்கு ரூம் வாடகையைக் கம்பெனி கட்டினது மாமா. இவங்களுக்கு யார் கட்டுவாங்க?” என்றான்.

நன்மை என்பது முகங்களைக் கிழக்கிலோ மேற்கிலோ திருப்புவதில் மட்டும் இல்லை என்று தொடங்கும் திருவசனம் (2:177), நன்மையின் பட்டியலில் வழிப்போக்கருக்குப் பொருள் கொடுப்பதையும் சேர்த்திருக்கிறது. திசையையும் வழிப்போக்கரையும் ஒரே வசனத்தில் இணைத்திருப்பதை, அத்தனை ஆண்டுகள் ஓதியும் நான் அன்றிரவுதான் கவனித்தேன். ஸக்காத்துப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடைசியாகக் கூறப்படுபவரும் வழிப்போக்கரே (9:60). சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே சித்தீக் சராய் போன்ற முசாபிர்கானாக்களை எழுப்பிய செல்வர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். மீஞ்சூரில் இறங்குபவன் சென்ட்ரலுக்குத் திரும்பிச் சென்றா படுப்பான்?

அப்பள்ளிவாசலின் ஒளூச் செய்யும் தடாகத்தை ஒட்டி ஓர் அறை உண்டு. கிழிந்த பாய்களும், பழுதான ஒலிபெருக்கியும், உடைந்த விசிறிகளும் அதில் கிடந்தன. மூன்று ஜும்ஆக்கள் பேசி, இருமுறை சச்சரவிட்டு, அடையாளச் சான்றைப் பார்த்து மூன்று நாள் வரை தங்க இடமளிக்கலாம் என்று முடிவாயிற்று. விருந்து மூன்று நாட்கள் என்னும் நபிமொழியை முத்தவல்லியே நினைவூட்டினார். வெள்ளையடித்த அன்று, மின்விசிறி மாட்ட ஆள் வருவதற்கு முன்பே மருமகன் ஏணியில் ஏறினான். திசைகாட்டியை இருமுறை வைத்துப் பார்த்து, மேற்குச் சுவரில், வடக்கே சிறிது சாய்த்து, பச்சை வண்ணத்தில் ஓர் அம்புக்குறி வரைந்தான். கீழே தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும் கிப்லா என்று எழுதச் சொன்னான். இந்தி எழுத்தை எழுதிக் கொடுத்தவர்கள் அந்த பீகார் இளைஞர்கள்.