போகியோடு போகும் பவுன்

பொங்கலுக்கு வீட்டைப் பூட்டி ஊருக்குக் கிளம்புபவர்களுக்கு ரயில் டிக்கெட் கவலை ஓய்ந்து நகைக் கவலை தொடங்கிவிட்டது. பொங்கலன்று தொடங்கி வங்கிகளுக்குத் தொடர் விடுமுறை என்பதால் போகிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். வந்திருக்கும் கடிதங்களில் பல, "லாக்கரில் வையுங்கள் என்கிறது போலீஸ்; லாக்கரே கிடைக்காதவர்கள் என்ன செய்வது?" என்கின்றன. வேறு சில, யூடியூபில் பார்த்த ரகசியப் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்கின்றன.

பூட்டிய வீட்டைப் போலீஸ் பார்த்துக்கொள்ளுமா?

ஸ்டேஷனில் முகவரி எழுதிக் கொடுத்தால் ரோந்து வருபவர் வாசல் பூட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார். 'தீவிரக் கண்காணிப்பு' என்று அறிவிப்பில் வருவது பெரும்பாலும் இவ்வளவுதான். எழுதிக் கொடுங்கள், நஷ்டமில்லை. கொல்லைக் கதவை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுப் பொருளில் மறைவிடம் செய்தால் பலிக்குமா?

திருடனிடம் பலிக்கும். அவனுக்கு நேரம் குறைவு. பீரோ, பூஜை அறை, அரிசி டிரம், மெத்தையடி என்று நம் எல்லோருக்கும் தெரிந்த இடங்களையே அவனும் கலைப்பான். சிக்கல் திருடனிடம் இல்லை, வீட்டுக்காரர்களிடம்.

தங்கம் கனம் மிகுந்த உலோகம், அதனால் அடைக்கும் இடம் மிகக் குறைவு. 10 பவுன் என்பது 80 கிராம்; உருக்கினால் ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. மறைப்பதற்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது. அதே காரணத்தால், தெரியாமல் தூக்கி எறிவதற்கும் இதைவிட வசதியான பொருள் கிடையாது. பழைய தலையணைக்குள் 80 கிராம் கூடியிருப்பதை எந்தக் கையும் உணராது.

எல்லோரும் கேட்கும் புத்தகப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். தடித்த புத்தகத்தின் முதல் முப்பது நாற்பது தாள்களை விட்டுவிட்டு, மீதித் தாள்களின் ஓரங்களில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தூரிகையால் தடவி, மேலே பாரம் ஏற்றி ஒரு இரவு காய வைக்க வேண்டும். பிறகு சுற்றிலும் இரண்டு விரல் அகலம் விட்டு, பிளேடால் நாலைந்து தாளாக வெட்டிக் குழி பறிக்க வேண்டும். நகையைப் பஞ்சில் சுற்றி வைத்தால் குலுக்கினாலும் சத்தம் வராது. பத்து சென்டிமீட்டர் நீளம், ஆறு அகலம், மூன்று ஆழத்தில் குழி எடுத்தால் ஏறக்குறைய 140 கிராம் காகிதம் வெளியே வரும். உள்ளே போவது 80 கிராம் தங்கம். அதாவது, 10 பவுனை விழுங்கிய பிறகும் புத்தகம் முன்பைவிட லேசாகத்தான் இருக்கும். பழைய பேப்பர் கடைக்காரரின் தராசாலும் கண்டுபிடிக்க முடியாது!

மதிப்பில்லாததுபோல் தெரிவதால்தான் மறைவிடம் வேலை செய்கிறது. மதிப்பில்லாததுபோல் தெரிபவற்றை மூட்டை கட்டி வெளியேற்றுவதற்கென்றே நமக்கு ஒரு பண்டிகை இருக்கிறது. மறைவிடம் தேடி நமக்குக் கடிதங்கள் வரும் வாரமும் அந்தப் பண்டிகை வாரமும் ஒன்றாக இருப்பதுதான் எனக்கு உதைக்கிறது. காய்ந்த பெயின்ட் டப்பா, கிழிந்த தலையணை, போன வருட நீட் கைடு: யூடியூப் யோசனைகளில் முக்கால்வாசி போகிக் குவியலில் சேர வேண்டியவை.

ஆகவே தேட வேண்டியது திருடன் விரும்பாத, அதேநேரம் வீட்டில் தினமும் வேலை செய்துகொண்டிருக்கும் பொருளை. ரப்பர் புஷ் போட்ட இரும்புக் கட்டிலின் குழாய்க் கால். குமிழ் கழற்றக்கூடிய திரைச்சீலைக் கம்பி. மேசை இழுப்பறையின் அடிப்பலகையில் ஒட்டிய மெல்லிய பை. இவை பழசானாலும் யாரும் யோசிக்காமல் எறிவதில்லை. ஸ்விட்ச் போர்டைக் கழற்றி உள்ளே வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். அங்கே மின்சாரம் ஓடுகிறது.

யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

ஒருவரிடம், கட்டாயம். அவரும் உங்களோடு அதே காரில் ஊருக்கு வருபவராக இல்லாமலிருப்பது நல்லது.

பணத்தையும் இப்படி வைக்கலாமா?

வேண்டாம். கறையான் அரித்தால், புதிய 500 ரூபாய் நோட்டின் மொத்தம் 99 சதுர சென்டிமீட்டரில் ஒரே துண்டாக 80 மிஞ்சினால்தான் முழுப் பணம். 40 மிஞ்சினால் பாதி.

லாக்கர் கிடைத்தால்?

எடுங்கள். ஆனால் திருட்டு, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றால் பறிபோனால் வங்கியின் பொறுப்பு, 2022 முதல், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். 2,000 ரூபாய் வாடகைக்கு உச்சம் 2 லட்சம். உள்ளே எத்தனை பவுன் இருந்தது என்பதற்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமில்லை.

திருமணமான பெண்ணுக்கு 500 கிராம்தான் அனுமதியா?

இல்லை. கணக்கு காட்டினால் வரம்பே கிடையாது. திருமணமான பெண்ணுக்கு 500, மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் என்பது வருமான வரிச் சோதனையில் பறிமுதல் செய்யாமல் விடும் அளவு, 1994 சுற்றறிக்கைப்படி.

ரசீது எங்கே?

நகையின் புகைப்படத்தோடும் எடைக் குறிப்போடும் வேறொரு வீட்டில்.