நங்கூரத்துக்குக் கீழே ஓடும் இணையம்

திருவொற்றியூரில் இருந்து சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டால், பேச்சு வானத்து வழியாக, ஏதோ செயற்கைக்கோளைத் தொட்டுவிட்டுப் போவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது காற்றில் போவது போனில் இருந்து பக்கத்து டவர் வரைக்கும்தான். அதன் பிறகு தரைக்கடியில் ஓடும் கண்ணாடி இழை. ஊரைத் தாண்டினால் வங்கக் கடலின் அடியில் கிடக்கும் கேபிள்.

இந்தக் கடல்வழி புதிதல்ல. 1870-71ஆம் ஆண்டுகளிலேயே மதராசில் இருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் போட்டுவிட்டார்கள். அதே இரு ஊர்களை 2002இல் பாரதி நிறுவனமும் சிங்டெல்லும் சேர்ந்து ‘ஐ-டு-ஐ’ கேபிளால் இணைத்தன. நீளம் ஏறக்குறைய 3,200 கி.மீ. 2004இல் டாடா கேபிளும், 2005இல் ‘சீ-மீ-வீ 4’ கேபிளும் சென்னையில் கரையேறின.

ஆழ்கடலில் இந்தக் கேபிளின் தடிமன் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். நடுவில் சில ஜோடிக் கண்ணாடி இழைகள். அவற்றில் ஓடும் லேசர் ஒளி போகப்போக மங்கும் என்பதால், 60 முதல் 100 கி.மீ.க்கு ஒன்றாகப் பெருக்கிகள் வைத்திருப்பார்கள். அவற்றுக்கான மின்சாரம் கரையில் இருந்தே கேபிளின் செம்புக் குழாய் வழியாகப் போகிறது.

துண்டு துண்டாக ஒரு பயணம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகம் நோக்கி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. இணையமும் தன் சரக்கை அப்படித்தான் பெட்டி பெட்டியாகப் பிரித்து அனுப்புகிறது. ஒரு பெட்டியில் அதிகபட்சம் ஏறக்குறைய 1,500 பைட். மூன்று மெகாபைட் புகைப்படம் என்றால் இரண்டாயிரம் பெட்டிகளுக்கு மேல் ஆகும். ஒவ்வொன்றிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி இருக்கும். வழியில் உள்ள ரூட்டர்கள் முகவரியைப் படித்து, அடுத்து எந்தப் பாதை என்று முடிவு செய்கின்றன. பெட்டிகள் வேறு வேறு வழியில், முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தாலும் வரிசை எண்ணைப் பார்த்துப் பெறும் கருவி அடுக்கிக்கொள்ளும்.

புகைப்படத்தில் ஒரு துண்டு தொலைந்தால் கருவி அதைத் திரும்பக் கேட்டு வாங்கும். வீடியோ காலில் அதற்கு நேரமில்லை, தொலைந்தது தொலைந்ததுதான். எதிர்முனை முகம் அவ்வப்போது உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். ஆக, சென்னை-சிங்கப்பூர் கடல் தூரம் 16 மில்லிநொடி. புவிநிலைச் செயற்கைக்கோள் என்றால் 35,786 கி.மீ. ஏறி இறங்க வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் வர அரை நொடி ஆகிவிடும். செயற்கைக்கோளையே நம்பியிருந்த அந்தமானுக்குச் சென்னையில் இருந்து 2,300 கி.மீ. கேபிள் போடப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது.

நிமிடக் கணக்கு முடிந்த கதை

பழைய தொலைபேசியில் ஒரு அழைப்புக்கு ஒரு முழுத் தடம் ஒதுக்க வேண்டும். இருவரும் பேசாமல் இருந்தாலும் அந்தத் தடத்தை வேறு யாரும் தொட முடியாது. தூரத்துக்கும் நிமிடத்துக்கும் காசு வாங்கியது அதனால்தான். ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டரின் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே பேசிய தலைமுறைக்கு அது மறக்காது.

துண்டுகளாகப் பிரித்தபோது ஒரே தடத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள முடிந்தது. ஐ-டு-ஐ கேபிளின் வடிவமைப்புக் கொள்ளளவு நொடிக்கு 8.4 டெராபிட். ஒரு தொலைபேசி அழைப்புக்கு 64 கிலோபிட் என்று கொண்டால், அது 13 கோடி அழைப்புகளுக்குச் சமம். இவ்வளவு இடம் இருக்கும்போது ஒரு நிமிடப் பேச்சுக்கு என்ன விலை சொல்வது?

1995 ஆகஸ்ட் 15இல் பொதுமக்களுக்கு இணையம் தந்த, அப்போது அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல்., 2002 ஏப்ரல் 1 அன்று வெளிநாட்டு அழைப்புகளில் தன் ஏகபோகத்தை இழந்தது. அன்றே இணையவழித் தொலைபேசிக்கும் அனுமதி கிடைத்தது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, பேச்சையும் டேட்டாவாகவே அனுப்பியது. பேச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்றது. அடுத்து மூண்ட கட்டணப் போரில், கடனும் சேர்ந்து அழுத்த, தமிழகத்தில் வேரூன்றிய ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவாலானது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற மக்கள் அலைந்தது பலருக்கும் நினைவிருக்கும். இன்று புதிய கேபிள்களில் முதலீடு செய்பவர்களில் கூகுளும் மெட்டாவும் முன்வரிசையில் நிற்கின்றன.

நங்கூரமும் மடியும்

விலை சரிந்தாலும் கம்பி கடலடியில்தான் கிடக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு கடலடி இணைப்பு பாதிக்கப்பட்டுச் சென்னையில் இணையம் மந்தமானது. ஆனால், உலக அளவில் ஆண்டுக்கு 150 முதல் 200 வரை நேரும் கேபிள் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கப்பல் நங்கூரமும் மீன்பிடி இழுவை மடியும்தான். கரையை ஒட்டிய பகுதியில் கேபிளுக்கு இரும்புக் கம்பிக் கவசம் போட்டு, மண்ணுக்குள் புதைப்பது இதற்காகவே.

2022 இறுதி நிலவரப்படி இந்தியாவுக்கு வந்த 17 வெளிநாட்டுக் கேபிள்களும் ஐந்தே ஊர்களில் கரையேறின: மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம். பழுது பார்க்கவோ வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்க்க வேண்டிய நிலை. இந்தியக் கொடியுடன் ஒரு பழுதுபார்ப்புக் கப்பலுக்கு வழி காண வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் பரிந்துரைத்தது. அப்படி ஒரு கப்பல் வந்தால், அது நிற்கத் தகுந்த இடங்களில் சென்னையும் எண்ணூரும் முன்னால் இருக்கின்றன. கப்பல் வேலை தெரிந்த கைகளும் இந்தக் கரையில் இருக்கின்றன. கேபிள் கிடக்கும் தடத்தைக் காசிமேட்டு விசைப்படகுக்காரர்களுக்கு முறையாகத் தெரிவிக்க அந்தக் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.