ஓய்வுப் பணமும் ஊனப் பணமும்

"நட்டஈடும் வாங்குகிறான், வேறு இடத்தில் கூலியும் வாங்குகிறான், இது மோசடி அல்லவா?" என்று கேட்கிறார்கள், ஆலை அதிபர்களுக்காகப் பரிந்து பேசுவோர். கேட்கட்டும்! மோசடி எது, உரிமை எது என்று பிரித்துச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நம் வாய் அடைபடும். நம் தோழனின் வயிறு காயும்.

பஞ்சாலையில் இருவருக்கு விபத்து என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கை எலும்பு முறிவு. மூன்று மாத ஓய்வு. மற்றவருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. இருவரும் ஈ.எஸ்.ஐ. பணம் பெறுகிறார்கள். இருவரும் வேறு வேலைக்குப் போகிறார்கள். இரண்டும் ஒன்றா? இல்லை தோழர்களே, இல்லை!

முதலாமவர் பெறுவது தற்காலிக ஊன உதவி. உடல் தேற, உலை கொதிக்க, கூலிக்குப் பதிலாகத் தரப்படும் பணம் அது. வேலை செய்த நாளுக்கு அது கிடையாது என்றது 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 63-ஆம் பிரிவு. குணமடைவதைக் கெடுக்கும் எதையும் செய்யலாகாது என்றது 64-ஆம் பிரிவு. பொய் சொல்லிப் பெற்றால் ஆறு மாதம் வரை சிறை என்றது 84-ஆம் பிரிவு.

இரண்டாமவர் பெறுவது நிரந்தர ஊன உதவி. இழந்துவிட்ட உழைப்புத் திறனுக்கு ஈடு அது. மருத்துவக் குழு இழப்பை மதிப்பிடுகிறது. உயிருள்ளவரை பணம் வருகிறது. அவர் காவல் வேலை பார்க்கலாம், கடை வைக்கலாம், பழைய ஆலைக்கே திரும்பலாம். வேலை கிடைத்ததால் விரல் முளைத்துவிடுமா?

2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. பிரிவுகளின் எண்கள் மாறின. இந்த வேற்றுமை மாறவில்லை.

சரி, கட்டுப்போட்ட கையோடு ஒருவன் ஏன் வேலை தேடி ஓடுகிறான்? பேராசையா? பசி! உதவித் தொகை கூலியில் 90 விழுக்காடு என்று பெயர். எந்தக் கூலியில்? ஏட்டில் எழுதிய கூலியில்! மாதம் 14,000 ரூபாய் கொடுத்துவிட்டு 9,000 என்று எழுதும் முதலாளியிடம் அடிபட்டவனுக்கு ஏறத்தாழ 8,100 வருகிறது. உண்மைக் கணக்கு எழுதியிருந்தால் 12,600 வந்திருக்கும். அந்த 4,500 ரூபாயைத் தேடித்தான் அவன் திருட்டுத்தனமாக இன்னொரு பட்டறைக்குப் போகிறான். பிடிபடுகிறவன் அவன், பொய்க்கணக்கு எழுதியவரோ நியாயம் பேசுகிறார்!

ஆகவே தோழர்களே, ஓய்வில் இருப்பவரை வேலைக்கு விடாதீர்கள். ஆறாத கை மீண்டும் முறிந்தால், தற்காலிக ஊனம் நிரந்தர ஊனமாகும். விரல் இழந்தவரிடம், அஞ்சாமல் வேலைக்குப் போ என்று சொல்லுங்கள். விபத்து நேருமுன்பே ஒவ்வொருவர் பெயரிலும் எவ்வளவு கூலி பதிவாகியிருக்கிறது என்று சங்கத்தில் சரிபாருங்கள். குறைந்திருந்தால் கூடிக் கேளுங்கள்.

ஏட்டில் உண்மைக் கூலி ஏறட்டும். அடிபட்டவன் ஒளிந்து உழைக்கும் அவலம் ஒழியும்!