வாலும் பேசும், நடையும் பேசும்

தெல்தோட்டை பஸாரிலும் தேயிலைத் தோட்டப் பாதைகளிலும் நாய்களைக் காணாத நாளே இல்லை. காலையில் மத்ரஸாவுக்குச் செல்லும் சிறுவர் முதல் பிரத்தியேக வகுப்பு முடிந்து திரும்பும் மாணவியர் வரை எல்லோரும் அவற்றைக் கடந்தே செல்கிறோம். நம்மில் பலர் நாய் வளர்ப்பதில்லை. அதனால் அதன் மொழியும் நமக்குப் பழக்கமில்லை. நாம் கவனிப்பது அதன் பல்லை மட்டுமே. ஆனால் பல்லைக் காட்டுவதற்கு முன்னரே நாய் தன் உடலால் பேசத் தொடங்கிவிடுகிறது.

வாலாட்டும் நாய் கடிக்காது என்பார்கள். அது முழு உண்மையன்று. இடுப்பும் சேர்ந்து அசையுமாறு தளர்வாக வாலாட்டினால் அது நட்பு. வாலை விறைப்பாக உயர்த்தி, நுனியை மட்டும் வேகமாக ஆட்டினால் எச்சரிக்கை. வளர்த்தவரைக் கண்டால் வால் வலப்பக்கமாகவும், அறிமுகமற்ற முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கமாகவும் கூடுதலாக அசைவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்டனர். வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்கி, காதுகளைப் பின்னால் மடித்தால் அது அச்சம். தப்பியோட வழியில்லாவிட்டால் அஞ்சிய நாயும் கடிக்கும்.

நோயையும் நடை காட்டிக்கொடுக்கும். நொண்டினால் பாதத்திலோ மூட்டிலோ வலி இருக்கலாம். தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் காதில் நோய் இருக்கலாம். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தித் துள்ளுவது விளையாட்டுக்கான அழைப்பு. துள்ளாமல் அதே நிலையில் அடிக்கடி நின்றால் அது வயிற்றுவலியின் அடையாளமாகலாம். சாதுவான நாய் தொட்டதும் சீறினால், கல்லெடுக்கும் முன் அதற்கு வலிக்கிறதா என்று எண்ண வேண்டும். தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈரமண்ணைத் தின்ற நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீரள்ளிக் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. நாயின் நிலையைப் பார்த்தே அவர் அதன் தாகத்தை அறிந்துகொண்டார்.

எல்லாவற்றிலும் கொடியது விசர்நாய்க்கடி நோய். நடை தள்ளாடுதல், கீழ்த்தாடை தொங்குதல், எச்சில் வடிதல், காரணமின்றிப் பாய்தல் ஆகியன அதன் அறிகுறிகள். இலங்கையில் 1973 இல் இந்நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கான தடுப்பூசியாலும் கடிபட்டோருக்கான சிகிச்சையாலும் அத்தொகை அண்மைக்காலத்தில் ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே குறைந்துள்ளது. எனினும் அறிகுறி தோன்றுமுன்பே நாயின் எச்சிலில் நோய்க்கிருமி இருக்கக்கூடும். ஆகவே கடித்தது நல்ல நாய்தான் என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

நாய் விறைத்து நின்று உங்களைப் பார்த்தால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள். கைகளை உடலோடு ஒட்டி மரம்போல் நில்லுங்கள். அது விலகியதும் மெதுவாகப் பின்வாங்குங்கள். விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டி, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். கடித்தாலோ கீறினாலோ அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஊசி அங்கே இலவசம். நோயின் அறிகுறி மனிதரிடம் தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஏச்சுக்குப் பயந்து பிள்ளைகள் சிறு கீறலை மறைத்துவிடுவார்கள். நாய் கீறியது என்று பிள்ளை வந்து சொன்னால் ஏசாதீர்கள். முதலில் காயத்தைக் கழுவுங்கள்.