கோயில் நிலத்திற்கு எம்.பி.யா, சட்டமன்ற உறுப்பினரா?

ஷா ஆலம்: கோயில் நிலத்திற்குப் பட்டா வேண்டும் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்திற்குச் செல்பவர்கள் இன்றும் உண்டு. அவர் கடிதம் கொடுப்பார். ஆனால், நிலத்தைக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினர் வீ.கணபதிராவின் அரசியல் பயணமே நல்ல எடுத்துக்காட்டு.

வழக்கறிஞரான அவர், 2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் நடந்த ஹிண்ட்ராப் பேரணிக்குப் பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் இசா சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்ட ஐவரில் ஒருவர். கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்து 2009 ஏப்ரலில் வெளியே வந்தார். அந்த ஐவரில் இன்னொருவரான மனோகரன், முகாமில் இருந்தபடியே 2008 தேர்தலில் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே தொகுதியில் 2013-இல் ஜசெக வேட்பாளராக கணபதிராவ் வென்றார். 2018-இல் கோத்தா கெமுனிங் தொகுதிக்கு மாறினார். சிலாங்கூர் ஆட்சிக்குழுவில் தோட்டத் தொழிலாளர், வறுமை ஒழிப்பு போன்ற பொறுப்புகளை வகித்தார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய தாமான் ஸ்ரீ மூடா அவரது தொகுதியில்தான் இருந்தது.

2022 நவம்பரில் நடந்த 15-ஆவது பொதுத் தேர்தலில், மூன்று தவணைகள் கிள்ளானை வைத்திருந்த சார்லஸ் சந்தியாகோவுக்குப் பதிலாக கட்சி அவரை நிறுத்தியது, வென்றார். நம் நாட்டில் ஒருவரே இரண்டு அவைகளிலும் இருக்கலாம் என்பதால் சில மாதங்கள் இரு பதவிகளையும் வகித்தார். 2023 ஆகஸ்டு மாநிலத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை.

பலரும் இதைப் பதவி உயர்வாகவே பார்க்கிறார்கள். மேடைக்கு அது சரி. மனு கொடுக்கப் போகிறவருக்கு அது வேறு கணக்கு.

நமது நாடாளுமன்ற முறை பிரிட்டனிடமிருந்து வந்தது. ஆனால் நிலத்தை மாநிலங்களின் கையில் வைத்தது நமது அரசியலமைப்புச் சட்டம். அதன் ஒன்பதாவது அட்டவணையில் நிலமும் ஊராட்சி மன்றங்களும் மாநிலப் பட்டியலில் உள்ளன. கல்வி, குடியுரிமை, தொழிலாளர் நலம், மருத்துவமனை ஆகியவை மத்திய அரசினுடையவை. எனவே கோயில், இடுகாடு, வீட்டு நிலம் என்றால் ஷா ஆலமில் உள்ள மாநில அரசுதான் முடிவெடுக்கும். அங்கே பேச வேண்டியவர் சட்டமன்ற உறுப்பினர். சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சொக்சோ என்றால் நாடாளுமன்ற உறுப்பினர். தோட்டத்து முதலாளி தரும் வீடுகளின் தரம் 1990-ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் மனிதவள அமைச்சுக்கு உட்பட்டது. அதுவும் மத்திய அரசின் வேலைதான்.

தமிழ்ப்பள்ளிதான் நம்மை அதிகம் அலைக்கழிப்பது. தோட்டம் விற்கப்பட்டு பள்ளி இடம் மாறவேண்டும் என்றால், புதிய நிலம் மாநிலத்திடமும் கட்டட நிதி கல்வி அமைச்சிடமும் கேட்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டிவிட்டுக் காத்திருந்தால், நிலம் கிடைத்தும் கட்டடம் எழாது. அல்லது நிதி வந்தும் கட்ட இடம் இருக்காது. வாரியத்தினர் இரு உறுப்பினர்களையும் ஒரே கூட்டத்திற்கு அழைப்பது நல்லது.

இன்னொரு குழப்பமும் உண்டு. தாமான் ஸ்ரீ மூடா அடங்கிய கோத்தா கெமுனிங், கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதியில் இல்லை. கோத்தா ராஜாவின் கீழ் வருகிறது. பழகிய முகம் என்பதற்காக அங்குள்ளவர்கள் கிள்ளான் எம்.பி.யைத் தேடிப் போவதில் பயனில்லை. வீட்டோரக் கால்வாய் அடைத்துக்கொண்டால் முதலில் ஷா ஆலம் மாநகர் மன்றத்தில் புகார் செய்து, அந்தப் புகார் எண்ணைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுக்கவேண்டும். எண் இல்லாத மனு மேசையிலேயே கிடக்கும்.