இறங்க மறந்த ஏரி

மணிப்பூரின் லோக்டாக் கரையில் மீன், தோட்டம், அடுப்படி எல்லாமே தண்ணீரின் ஏற்ற இறக்கத்தை நம்பியிருந்தன. 1983ல் அந்தக் கணக்கு தப்பிவிட்டது.

மொய்ராங் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டைச் சுற்றி வந்தால் அன்றைய சமையல் என்னவென்று ஊகித்துவிடலாம். கிழக்கு பார்த்த வாசல். முற்றத்தில் துளசி மாடம். ஓரத்தில் சிறு குளம். கொல்லையில் மூங்கில் புதர், பூண்டு வாசம் வீசும் கீரை, துளி சேர்த்தாலும் நாக்கைச் சுட்டெரிக்கும் ஊமொரோக் மிளகாய். மைத்தேயி மக்கள் 'இங்கோல்' என்றழைக்கும் இந்த வீட்டுத் தோட்டத்தைத் தாண்டினால் ஏரி. அதுவும் அவர்களுக்குத் தோட்டம் மாதிரிதான்.

லோக்டாக், வடகிழக்கு இந்தியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. இம்பாலுக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 1944ல் இந்திய தேசிய ராணுவம் கொடியேற்றிய மொய்ராங் இதன் கரையோர ஊர். ஒல்லியான படகுகளில் போய் மீனோடு தாமரைத் தண்டு, நீரில் விளையும் காய்கள், கீரைகள் எல்லாம் அள்ளி வருகிறார்கள். பெண்களும் வலை வீசுவார்கள். கரைக்கு வந்த மீனைச் சந்தையில் விலை பேசி விற்பது பெரும்பாலும் அவர்கள்தான். இம்பாலின் புகழ்பெற்ற 'இமா கெய்தெல்' சந்தையில் கடை போட்டிருப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். இமா என்றால் அம்மா.

பொடி மீன்கள் 'ஙாரி' ஆகும். நம் கருவாடு போல இதற்கு உப்பு கிடையாது. வெயிலில் காய்ந்த மீனைக் கழுவி, கடுகெண்ணெய் தடவிய பானையில் காற்றுப் புகாமல் அழுத்தி அடைத்து, மாதக்கணக்கில் மூடி வைப்பார்கள். வேகவைத்த காய்கறியை மிளகாயும் ஙாரியும் சேர்த்து மசித்தால் இரோம்பா. அது இல்லாத மைத்தேயி வீட்டுச் சாப்பாடு அபூர்வம்.

இத்தனைக்கும் அடித்தளம் 'பும்டி'. செடிகொடிகளும் வேர்களும் மண்ணும் மட்கிப் பின்னிய மிதக்கும் திட்டுகள் இவை. பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்திருக்கும். கொஞ்சம்தான் வெளியே தெரியும். கோடையில் ஏரி வற்றும்போது பும்டி தரை தட்டும். அப்போது வேர்கள் அடிமண்ணிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை வந்ததும் மறுபடி மிதக்கும். ஏரி தன்னைத்தானே பராமரித்துக்கொண்ட விதம் இது.

1983ல் 105 மெகாவாட் லோக்டாக் நீர்மின் திட்டம் செயல்படத் தொடங்கியது. அதற்காக இதாய் என்ற இடத்தில் கட்டப்பட்ட தடுப்பணை, ஏரியில் ஆண்டு முழுவதும் நீர் உயர்ந்தே நிற்கும்படி செய்தது. பும்டிக்குத் தரை எட்டவில்லை, மெலியத் தொடங்கியது. பும்டி மேல் அமைந்துள்ள கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்காவின் அரிய சங்காய் மான்களுக்குக் காலடியே ஆட்டம் கண்டது. கரையோர வயல்கள் நீரில் மூழ்கின. அண்டை நாடான மியான்மரின் சிந்த்வின் ஆற்றிலிருந்து மணிப்பூர் ஆறு வழியாக ஏறி வந்த மீன்களுக்கு அணை குறுக்கே நின்றது. அவற்றில் ஒன்றான பெங்பா மணிப்பூரின் மாநில மீன். இன்று அது பண்ணைக் குளங்களில் வளர்க்கப்படுகிறது.

வயலை இழந்தவர்களில் பலர் மீன்பிடியை நம்பி ஏரிக்குள்ளேயே போனார்கள். பும்டி மேல் குடிசை, அதிலேயே அடுப்பு, வாசலில் படகு. பும்டியை வட்டமாக வளைத்து, உள்ளே ஒதுங்கும் மீன்களைப் பிடிக்கும் 'அதாபும்' முறையும் பெருகியது. ஏரி அசுத்தமாவதற்கு இதுவே காரணம் என்றது அரசு. 2006ல் வந்த லோக்டாக் பாதுகாப்புச் சட்டம் ஏரியின் மையப் பகுதியில் குடிசைகளுக்கும் அதாபும்முக்கும் தடை விதித்தது. 2011 நவம்பரில் போலீஸ் பாதுகாப்புடன் நூற்றுக்கணக்கான குடிசைகள் எரிக்கப்பட்டன. அணை ஏரியின் மூச்சை அடைத்திருக்க, பழி மட்டும் தங்கள் மேல் விழுவதாக மீனவர்கள் குமுறினார்கள். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 2017ல், படிப்பை விட்ட மீனவர் பிள்ளைகளுக்காக ஏரியில் ஒரு மிதக்கும் பள்ளி தொடங்கியது.

இழப்பு பளிச்சென்று தெரிவது நிங்கோல் சக்கோபா பண்டிகையில்தான். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் வரும் அந்நாளில், மணமாகிப் போன பெண்களைப் பிறந்த வீடு அழைத்து விருந்து வைக்கும். மீன் இல்லாமல் அந்த இலை நிறையாது. பண்டிகைக்கென்று இம்பாலில் தனி மீன் சந்தையே கூடும். ஆனால் மாநிலத்தில் கிடைக்கும் மீன் தேவைக்குப் போதவில்லை. ஆந்திரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீன்தான் பல வீடுகளில் கைகொடுக்கிறது. ஙாரிக்கான மீனில்கூட ஒரு பகுதி வெளி மாநிலச் சரக்கு.

ஏரியைத் தூர்வாருவது, பும்டியை அகற்றுவது என்று திட்டங்களுக்குக் குறைவில்லை. கரையில் இருப்பவர்கள் கேட்பது அதைவிட எளிமையானது: கோடையில் கொஞ்ச காலமாவது இதாய் மதகுகளைத் திறந்து, ஏரியைப் பழையபடி வற்ற விடுங்கள்.