அபாயத்தை உரைக்கும் சுட்டுத்துண்டும் அச்சகங்களின் ஆயத்தமும்

இரசாயனப் பொருளொன்றின் ஆபத்தை அதனை உற்பத்தி செய்தவர் நன்கறிவார். ஆனால் களஞ்சியத்தில் அதனைச் சுமக்கும் தொழிலாளிக்கும், வீட்டில் அதன் மூடியைத் திறக்கும் பெண்ணுக்கும் அந்த ஆபத்தை எடுத்துச் சொல்வது கொள்கலனில் ஒட்டப்பட்டிருக்கும் சுட்டுத்துண்டு மாத்திரமே. லேபல் என்று நாம் சாதாரணமாகக் கூறும் அந்தக் காகிதத் துண்டு தவறினால் அறிவுக்கும் கைக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடுகின்றது. எனவே அதனை அச்சிடுபவரின் பொறுப்பு சாதாரணமானதன்று.

முன்னர் ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு முறையைப் பின்பற்றியது. ஒரே அளவு நச்சுத்தன்மை கொண்ட பொருள் அமெரிக்காவில் ‘நச்சு’ எனவும் ஐரோப்பாவில் ‘தீங்கு விளைவிக்கும்’ எனவும் குறிக்கப்பட்ட நிலை இருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க வேண்டுமென 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோ மாநாட்டில் வலியுறுத்தப்பட்டது. அதன் பலனாக ஐக்கிய நாடுகள் சபை உருவாக்கிய உலகளாவிய ஒத்திசைவு முறைமை 2003ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்தினுள் கறுப்புச் சின்னம் அமைந்த ஒன்பது குறியீடுகள், ‘அபாயம்’ அல்லது ‘எச்சரிக்கை’ என்ற சமிக்ஞைச் சொல், ஆபத்து வாசகங்கள், முற்காப்பு வாசகங்கள், பொருளின் பெயர், வழங்குநரின் விபரம் ஆகியன அம்முறைமையின் அடிப்படை அம்சங்களாகும்.

ஆயினும் அந்த ஏற்பாடு ஒருமுறை எழுதி முடிக்கப்பட்ட சாசனமன்று. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது திருத்தப்படுகின்றது; நாடுகளும் தத்தமது சட்டங்களை அதற்கேற்ப மாற்றுகின்றன. அமெரிக்கா 2012ஆம் ஆண்டு இதனை ஏற்று, உற்பத்தியாளர்களுக்கு 2015 ஜூன் வரை அவகாசம் வழங்கியது. 2024 மே மாதத்தில் மீண்டும் திருத்தங்களை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் செம்மஞ்சள் சதுரங்களில் அமைந்திருந்த பழைய குறியீடுகளைப் படிப்படியாகக் கைவிட்டது. கலவைகளுக்கான புதிய விதி 2015 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோதிலும், பழைய சுட்டுத்துண்டுகளுடன் ஏற்கனவே சந்தையிலிருந்த இருப்புகளுக்கு 2017 ஜூன் வரை இடமளிக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டு, உடலின் ஓமோன் தொகுதியைக் குழப்பும் பொருட்கள் உள்ளிட்ட புதிய ஆபத்து வகுப்புகளைச் சேர்த்தது. 2024ஆம் ஆண்டின் திருத்தம் எழுத்தின் குறைந்தபட்ச அளவையும் வரிகளுக்கிடையிலான இடைவெளியையும் வரையறுத்தது. ஒருபுறம் வாசகம் நீள்கின்றது. மறுபுறம் எழுத்து பெரிதாகின்றது. ஆனால் போத்தலின் சுற்றளவு மாறுவதில்லை. அதன் சுமை அச்சிடுபவரின் மேசையிலேயே வந்து இறங்குகின்றது. விரித்துப் படிக்கக்கூடிய மடிப்புச் சுட்டுத்துண்டுகள் இதற்கு ஒரு தீர்வாக ஏற்கப்பட்டுள்ளன. இதற்கிடையே, 2025ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணைக்குழு இவ்விதிகளில் சிலவற்றைத் தளர்த்தவும் பிற்போடவும் முன்மொழிந்தது. ஆகவே குறித்த ஒரு விதிக்காக மாத்திரம் ஆயத்தமாவது போதாது. மாற்றம் என்பதற்கே ஆயத்தமாக வேண்டும் என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

அந்த ஆயத்தம் எத்தகையது? முதலாவது, வர்ணம் பற்றியது. வெப்பத்தினால் மைநாடாவிலிருந்து கறுப்பு எழுத்துகளைப் பதிக்கும் அச்சுப்பொறிகளே பல நிறுவனங்களில் பாவனையில் உள்ளன. சிவப்புக் கரைகளை முன்கூட்டியே அச்சிட்டு வைத்துக்கொண்டு, தேவையான சின்னத்தைப் பின்னர் கறுப்பில் பதிப்பது அவற்றின் வழக்கம். நான்கு சாய்சதுரங்கள் கொண்ட தாளில் இரண்டு சின்னங்களே தேவைப்பட்டால் ஏனைய இரண்டும் வெறுமையாக எஞ்சும். அமெரிக்க விதி அத்தகைய வெற்றுச் சிவப்புக் கரைகளை அனுமதிப்பதில்லை. ஆகவே சிவப்பையும் கறுப்பையும் ஒருங்கே பதிக்கும் பொறியை நாடுவது அல்லது வெற்றிடங்களை முற்றாகக் கறுப்பால் மூடுவது அவசியமாகின்றது.

இரண்டாவது, இருப்பு பற்றியது. மலிவாகக் கிடைக்கின்றதென்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டு அடுக்கி வைத்தவர்கள், விதி மாறும்போது அவற்றைக் குப்பையிலிடவே நேரும். வாசகங்களையும் சின்னங்களையும் ஒரே தரவுத் தொகுப்பில் பேணி, தேவைப்படும் வேளையில் தேவையான எண்ணிக்கையை அச்சிடுவதே விவேகமானது. ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் போத்தல்களிலும் திருத்தம் தோன்ற வேண்டும். யார், எப்போது, எதனை மாற்றினார் என்ற பதிவும் பேணப்பட வேண்டும்.

மூன்றாவது, நிலைத்திருக்கும் தன்மை. ஆபத்தான பொருட்களைக் கடல்வழியே கொண்டு செல்வதற்கான சர்வதேச விதிக்கோவையின்படி, பொதியிலுள்ள குறியீடுகள் மூன்று மாதங்கள் கடல்நீரில் கிடந்தாலும் அடையாளம் காணத்தக்கவையாக இருக்க வேண்டும். இதன் தாற்பரியத்தை இலங்கையருக்கு விளக்கத் தேவையில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூன் மாதம் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் அடங்கியிருந்தது. சுட்டுத்துண்டுகள் அந்த அனர்த்தத்தைத் தடுத்திருக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால் கரையொதுங்கும் பொருளொன்றை மீனவர் ஒருவர் தொடலாமா என்பதைச் சொல்ல, அழியாத அச்சைத் தவிர வேறு எதுவும் அவ்விடத்தில் இருப்பதில்லை. இத்தகைய நிலைத்திருப்பைச் சோதிக்கும் பிரித்தானிய நியமமான பி.எஸ். 5609, தாளை மட்டுமன்றித் தாள், மை, பொறி ஆகிய மூன்றும் இணைந்த அச்சையும் சோதிக்கின்றது. நல்ல தாளை வாங்கி, நீரில் கரையும் மையினால் அச்சிடுவதில் பயனில்லை.

நான்காவது, மொழி. ஐரோப்பாவில் பொருள் எந்த நாட்டில் விற்கப்படுகின்றதோ அந்நாட்டின் உத்தியோகபூர்வ மொழியில் சுட்டுத்துண்டு அமைய வேண்டும். எமது நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் கறுவா எண்ணெயும் அங்கு விற்கப்படும்போது இவ்விதிகளிலிருந்து விலகி நிற்க முடியாது. அந்நாட்டவர் தமது மக்களின் மொழிக்குக் கொடுக்கும் மதிப்பை நாம் உள்நாட்டிலும் எதிர்பார்ப்பது தவறாகாது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளுக்கும் போதிய இடம் முதல் வரைவிலேயே ஒதுக்கப்பட வேண்டும். தமிழ் எழுத்துகளைக் கையாளத் தெரியாத மென்பொருளில் ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் குறிகள் இடம்மாறி, வாசகமே சிதைந்துவிடுகின்றது. பெயர்ப்பலகையில் நேரும் எழுத்துப்பிழை மனதைப் புண்படுத்தும். அமிலப் போத்தலில் நேரும் பிழை கண்ணைப் பறிக்கும். எனவே தமிழ் அறிந்த ஒருவர் பார்வையிட்ட பின்னரே அச்சுப்பொறி இயங்க வேண்டும்.

இவை யாவும் செலவு மிக்கவை என்ற முறைப்பாடு எழலாம். சிறிய அச்சகங்களின் சிரமத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் முதற் படிக்குப் புதிய பொறி தேவையில்லை. கையிலுள்ள பொருட்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் வழங்குநர் தந்த அண்மைய பாதுகாப்புத் தரவுத்தாள், இப்போது ஒட்டப்படும் சுட்டுத்துண்டின் ஒரு பிரதி ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டாலே, எங்கு இடைவெளி உள்ளதென்பது புலப்படும். காலக்கெடு நெருங்கியபின் ஒரே வாரத்தில் ஓடித் திரிவதைவிட இது செலவு குறைந்தது.

பெரிய பீப்பாயிலிருந்து அமிலத்தையும் கரைப்பான்களையும் குடிநீர்ப் போத்தல்களில் ஊற்றி, எவ்வித அடையாளமுமின்றி விற்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளும் வர்த்தகர்களுக்கும் இது பொருந்தும். சுட்டுத்துண்டு பீப்பாயோடு நின்றுவிடலாகாது; பொருள் செல்லும் கடைசிப் போத்தல் வரை அதுவும் செல்ல வேண்டும். தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் போத்தலில் இருப்பது நீரா, அமிலமா என்று பிரித்தறியத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டிய கடமை பெரியவர்களுடையது. அக்கடமையின் கடைசிக் கண்ணி அச்சிடுபவரின் கையில் உள்ளது என்பதைச் சம்பந்தப்பட்ட அனைவரும் மனங்கொள்ள வேண்டும்.